மாமனார் காய்ச்சின பீர்

— தலையைத் திருப்பாதே தம்பி. என்னைப் பார்த்துக் குடி.

— ஐயா, பெரியவங்க முன்னாடி நேராப் பார்த்துக் குடிக்கிறது மரியாதை இல்லைன்னு எங்க வீட்டுல சொல்லி வளர்த்திருக்காங்க.

— நல்லா வளர்த்திருக்காங்க. உங்கப்பாம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. ஆனா நீ அந்தப் பக்கம் திரும்பிக் குடிச்சா உன் மூஞ்சி எனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் என் தம்பி மகன் வந்தான். இப்படித்தான் பவ்யமாத் திரும்பிக் குடிச்சான். "பிரமாதம் பெரியப்பா"ன்னான். டிவி அணைஞ்சு கிடந்தது கேட்டியா, அந்தக் கண்ணாடியில பார்த்தேன். கஷாயம் குடிச்ச மூஞ்சி.

— யேரிம் அப்பா! வந்த பிள்ளை இன்னும் கோட்டைக்கூடக் கழட்டலை. அதுக்குள்ள டம்ளரைக் கையில திணிச்சாச்சா? யேரிம் வரட்டுமே.

— அவ வரும்போது வரட்டும். ஆத்துப் பாலத்துல கார் நகரலைன்னு போன் பண்ணிட்டா. அதுவரைக்கும் நானும் ஜுன்மோவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கவா? நீ போய் வெங்காயத்தாள் அடை ஊத்து.

— மாவு கரைச்சாச்சு, கரைச்சாச்சு. தம்பி, பேரிக்காய்ப் பெட்டி எதுக்குங்க இவ்வளவு பெரிசா? நாங்க ரெண்டு பேரும் தின்னு முடிக்கிறதுக்குள்ள இந்த உல்சான் ஊருக்கு அடுத்த பனியே வந்துடும்.

— அது... சும்மா ஒரு இதுக்குங்கம்மா. ஐயா, நான் இன்னிக்கு எதுக்கு வந்தேன்னா...

— எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும். யேரிம் போன்லயே சொல்லிட்டா. பொண்ணு கேட்க வந்திருக்கே. அதை அப்புறம் கேளு. முதல்ல குடி.

— கண்டிப்பாங்கய்யா.

— ம்? என்ன? சொல்லு.

— நல்லா... குளிர்ச்சியா இருக்குங்கய்யா.

— குளிர்ச்சி பிரிட்ஜ் பண்ற வேலை. நான் பண்ணின வேலை எப்படி இருக்கு?

— நுரை பிரமாதமா நிக்குதுங்க.

— நுரை கண்ணுக்கு. நான் நாக்கைக் கேட்கிறேன்.

— ஏங்க, பரீட்சையா வைக்கிறீங்க? தம்பி, வேர்க்கடலை எடுத்துக்கோங்க. கணவாய்க் கருவாடும் இருக்கு. வாயில எதையாவது போட்டுக்கிட்டா பேச வேண்டியதில்லை.

— நீ அடுப்பைப் பாரு. ஆமா தம்பி, எங்கே வேலைன்னு சொன்னா யேரிம்? ஏதோ தண்ணி...

— தண்ணி வாரியத்துலங்க. குழாய்த் தண்ணி சோதனைப் பிரிவு.

— மிஷின் வச்சா?

— மிஷினும் உண்டுங்க. ஆனா வாசனையும் ருசியும் மிஷினுக்குத் தெரியாது. அதுக்கு ஆளுங்கதான். காலையில ஒவ்வொரு பேட்டைத் தண்ணியையும் டம்ளர்ல ஊத்தி வரிசையா வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய் எடுத்து...

— முழுங்கிடுவியா?

— துப்பிடுவோங்க.

— இங்கே துப்பக் கூடாது.

— ஐயையோ, கண்டிப்பா மாட்டேங்க.

— அப்போ நாக்குதான் உனக்குச் சோறு போடுது. ஊருக்கே ருசி பார்த்துச் சொல்றவன், என் பீரைக் குடிச்சுட்டு "குளிர்ச்சியா இருக்கு"ன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது?

— தண்ணியில ருசியே இருக்கக் கூடாதுங்க. எதாவது ருசி தெரிஞ்சா அது தப்பான தண்ணி. அதனால எனக்கு நல்ல ருசியைச் சொல்லிப் பழக்கமே இல்லைங்க.

— பார்த்தியா யேரிம் அம்மா! பையன் வாயைத் திறந்தான்னா வழவழன்னு போறான். பொறு தம்பி, டம்ளர் பாதி காலி. ரெண்டு கையாலயும் பிடி. ம்... ம்... ஊத்தறப்போ சரிச்சுப் பிடிக்கணும் கேட்டியா, இல்லாட்டி நுரை பொங்கி மடியில விழும்.

— போதுங்கய்யா, போதும், போதும்!

— போதும்னு சொல்றவன் கப்பல் பட்டறையில ஒரு நாள் தாங்க மாட்டான். நான் அங்கே கப்பலோட அடித்தட்டை வெல்டிங் பண்ணி ஒட்ட வைக்கிற வேலை பார்த்தவன். ரிட்டயர் ஆன அன்னிக்கு யேரிம் ஒரு பெட்டி கொண்டாந்து வச்சா. உள்ளே என்ன? மூடி போட்ட வாளி, ஒரு ரப்பர் குழாய், டப்பாவுல பார்லி மால்ட் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட். "அப்பா, இனிமே வீட்டுலயே பீர் காய்ச்சுங்க"ன்னா. நான் சிரிச்சேன். கடையில காசு கொடுத்தா கிடைக்கிறதை எவன் காய்ச்சுவான்?

— சிரிச்சாரு. மறுநாள் காலையில நான் எழுந்து பார்க்கிறேன், என் மாட்டுக்கறி சூப்புப் பானையில பாகு கொதிக்குது.

— பெரிய பானை வேற எது இருக்கு வீட்டுல? கேளு தம்பி. பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. பாகைக் கொதிக்க வை, கசப்புக்கு ஹாப்ஸ்னு ஒரு பச்சைப் பூவைப் போடு, குளியல் தொட்டியில ஐஸ் போட்டுப் பானையை இறக்கி ஆற வை, வாளியில ஊத்து, ஈஸ்டைத் தூவு, மூடு. அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயம்: சுத்தம். படுற பொருள் எல்லாம் சுத்தமா இருக்கணும். துருவோட இரும்பை ஒட்ட வச்சா கடல்ல பிளந்துக்கும் இல்லையா, அந்த மாதிரி. நான் வாளியைத் தேய்ச்ச தேய்ப்பு இருக்கே!

— சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவச் சொன்னா மட்டும் இடுப்புப் பிடிச்சுக்கும்.

— எழுந்து வா தம்பி. டம்ளரோட வா. காட்டறேன்.

— எங்கேங்க?

— யேரிம் ரூம்தான். வெட்கப்படாதே. ம், உள்ளே வா.

— ஐயா... கட்டில்ல யாரோ உட்கார்ந்திருக்காங்களே.

— வாளிதான்.

— கோட்டுப் போட்டிருக்குங்களே.

— யேரிம் காலேஜ் போகும்போது போட்ட நீளக் கோட்டு. வாளி நடுங்கக் கூடாது பாரு. தரையில வச்சா, அடியில வெந்நீர்க் குழாய் ஓடற நம்ம வீட்டுத் தரைச்சூட்டுல ஈஸ்டுக்குக் கிறுக்குப் பிடிச்சுடும், வாழைப்பழ வாடை அடிக்கும். கட்டில்ல வச்சுக் கோட்டு மாட்டி விட்டா அதுபாட்டுக்கு நிம்மதியா இருக்கும். இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

— தொப்பிங்க?

— அது யேரிம் அம்மா பண்ணின கிண்டல். இரு, பேசாதே. காதைக் கொடு.

— ...

— "பொளக்"னுச்சா? மூடியில இருக்கிற குழாய் வழியா மூச்சு விடறான். உயிரோட இருக்கான்னு அர்த்தம். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இந்த வீட்டுல காலையில என்கிட்ட முதல்ல பேசறவன் இவன்தான்.

— அதையும் நான் கேட்டிருக்கேன் தம்பி. என்கிட்ட குட்மார்னிங் சொல்லாத மனுஷன் வாளிகிட்ட "தூங்கினியாடா"ன்னு கேட்கிறாரு.

— நீ ஏன் கரண்டியோட பின்னாலயே வர்றே? அடை தீயும்.

— தீயட்டும். தம்பி, செருப்பு அலமாரிக் கதையைச் சொன்னாரா?

— அதெல்லாம் எதுக்கு இப்போ...

— சொல்லியிருக்க மாட்டாரு. பாட்டில்ல ஊத்தும்போது கொஞ்சம் சர்க்கரை போடணுமாம், வாயு வர்றதுக்கு. இவருக்குக் கை தாராளம். போட்டு, மூடி, இருட்டா இருக்கட்டும்னு செருப்பு அலமாரியில வச்சுட்டாரு. ஒரு மத்தியானம் பாட்டில் "டமார்"! கீழ் வீட்டுக்காரர் அரை டிராயரோட ஓடி வர்றாரு. "உங்க வீட்டுல யாரு பீரோ மேலேருந்து குதிக்கிறது"ன்னு. நான் கல்யாணங்களுக்குன்னு ஒரே ஒரு நல்ல ஜோடி வச்சிருந்தேன் தம்பி. இப்பவும் மழை பெஞ்சா அதுலேருந்து சாராயக் கடை வாசனை வருது.

— அதுக்கப்புறம் எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில். முதிர வைக்கிறது, கிம்ச்சி ஊறுகாய்க்குன்னு இருக்கிற தனி பிரிட்ஜ்ல. அதை மாதிரி நிதானமான குளிர் உலகத்துல எங்கேயும் கிடையாது.

— என் கிம்ச்சி பிரிட்ஜ். நடுவுல டேப் ஒட்டி எல்லை போட்டிருக்காரு தம்பி. வடக்கே பீர், தெற்கே கிம்ச்சி. அப்பப்போ எல்லை தெற்கே நகருது.

— இந்தா, இன்டர்காம் அடிக்குது. யாரு? ஆங், வாட்ச்மேன் ஐயா. இருக்கா? பழுப்பா, வெள்ளையா? பழுப்பு, பழுப்பு! விடாதீங்க, வர்றேன். தம்பி, இன்னிக்குக் குப்பை பிரிக்கிற நாள். எவனோ மூட்டை நிறைய பிளாஸ்டிக் பீர் பாட்டில் போட்டிருக்கானாம், பழுப்புல. வெயில் உள்ளே போகாது கேட்டியா. லாரி வர்றதுக்குள்ள எடுத்துட்டு வந்துடறேன். நான் திரும்பி வர்றப்போ டம்ளர் காலியா இருக்கணும்.

— கண்டிப்பாங்கய்யா.

— போயிட்டாரா? லிப்ட் சத்தம் கேட்டுதா?

— கேட்டுதுங்கம்மா.

— அப்போ அதை இப்படிக் கொடு. தோ, அந்த ரப்பர் செடியில ஊத்திடறேன்.

— அம்மா! செடிக்கு ஏதாவது ஆயிடப் போகுதுங்க.

— அதுக்குப் பழகிடுச்சு. இலையைப் பாரு, எப்படித் தடிச்சிருக்கு. உட்காரு பிள்ளை. முகமெல்லாம் வெளிறிப் போச்சே. இப்போ உண்மையைச் சொல்லு. உன் நாக்குல என்ன பட்டுது?

— நல்லாத்தாங்க இருந்துச்சு...

— என்கிட்டயும் குளிர்ச்சி, நுரைன்னு ஆரம்பிக்காதே.

— சொன்னா சிரிக்கக் கூடாதுங்க.

— சிரிக்கலை.

— முள்ளங்கிங்க.

— முள்ளங்கியா?

— முள்ளங்கித் தண்ணிக் கிம்ச்சி இருக்குதுங்களே, மிளகாய் போடாத வெள்ளைக் கிம்ச்சி, அந்தத் தண்ணி ருசி. ஓரத்துல இஞ்சி. பேரிக்காய்த் துண்டும் ஒண்ணு போட்டிருப்பாங்கன்னு தோணுது.

— அடேயப்பா! பேரிக்காய் கூடவா! இந்த ஊருத் தண்ணியை இனிமே பயப்படாமக் குடிக்கலாம்.

— அம்மா, அப்படின்னா...

— கத்தாதே. நான்தான். ஒரு கரண்டி எடுத்து ஊத்தினேன்.

— எதுக்குங்க!

— எதுக்கா? முதல் வாளி எப்படியோ நல்லா வந்துடுச்சு, அதுக்கு. நல்லான்னா அப்படியொரு நல்லா. இவரு பட்டறைக் கூட்டாளிங்களுக்கெல்லாம் போன் போட்டாரு. பைப் போடற பாங் அண்ணன், கிரேன் ஓட்டற மாங் அண்ணன், அவரோட மச்சான், மச்சானோட பக்கத்து வீட்டுக்காரரு. பாட்டுப் பாடற மைக்கையும் தூக்கிட்டு வந்தாங்க. ஆளுக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு அடை. மறுநாளும் வந்தாங்க. அதுக்கு மறுநாளும் வந்தாங்க. கீழ் வீட்டுக்காரர் மேல வந்து வந்து கடைசியில அவரே ஒரு பாட்டுப் பாடிட்டுப் போனாரு. ஊத்தி ஊத்தி என் தோள்பட்டை இறங்கிப் போச்சு பிள்ளை. ரெண்டாவது வாளி பொளக் பொளக்னு பேச ஆரம்பிச்சதும் எனக்குக் குலை நடுங்குச்சு. இவரு குளிக்கப் போனாரு. நான் மூடியைத் திறந்தேன்.

— அதோட அவங்க வர்றது நின்னுடுச்சுங்களா?

— ஒரு வாய் குடிச்சாங்க. பாங் அண்ணனுக்கு உடனே ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துடுச்சு. மத்தவங்களுக்கும் வரிசையா ஞாபகம் வந்துது.

— பாவங்க ஐயா.

— பாவம்தான். சுத்தம் பத்தலைன்னு நினைச்சுக்கிட்டு, அந்த வாளியை என்ன தேய்ப்புத் தேய்க்கிறாருங்கறே! குளிர்ல கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. நானும் எதுத்தாப்புல உட்கார்ந்து, முழு டம்ளரையும் முழுங்கிட்டு, "போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலைங்க"ன்னு சொல்றேன். வேற என்ன சொல்றது? ஜுன்மோ, இதை அவர்கிட்ட சொன்னேன்னா அவ்வளவுதான். பட்டறையை விட்டு வந்ததுக்கப்புறம் மனுஷனுக்கு இருக்கிறது இந்த ஒரு வாளி. அவரை அழ வைக்காத மாப்பிள்ளை எனக்குப் போதும். படிப்பு, வீடு, காரு எதுவும் நான் கேட்கலை. சொல்ல மாட்டேன்னு சத்தியமா சுண்டு விரலைக் கொடு.

— இந்தாங்க.

— கட்டை விரலால முத்திரையும் வை. ம். இன்னொண்ணு கேட்டுக்கோ. அவர் வாயால "மாப்பிள்ளை"ன்னு கூப்பிடணும். தம்பின்னு கூப்பிடற வரைக்கும் எதுவும் முடியலைன்னு அர்த்தம்.

— யேரிமும் அதைத்தாங்க சொன்னா. "எதைக் கொடுத்தாலும் குடி, எதைக் கேட்டாலும் பொய் மட்டும் சொல்லாதே, அப்பா கண்டுபிடிச்சுடுவாரு"ன்னு.

— ரெண்டும் ஒண்ணா எப்படி நடக்கும்னு அவகிட்டக் கேட்டியா?

— கேட்டேங்க. போனை வச்சுட்டா.

— வந்தாச்சு, வந்தாச்சு! ஒரு மூட்டை, எல்லாம் பழுப்பு! என்ன ரெண்டு பேரும் தலையைத் தலையை ஒட்டி வச்சுக்கிட்டு? அட, டம்ளர் காலி! அதைச் சொல்லு! தம்பி, பிடிச்சிருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவே? இந்தா, இந்தா.

— ஐயோ! ஐயா, இது ரொம்ப...

— ரெண்டு கை.

— என்னங்க, அடை தீயற வாசனை வருதா?

— அப்பவே சொன்னேன். பின் பால்கனி அடுப்புல, கதவைச் சாத்திக்கிட்டு ஊத்து, எண்ணெய்ப் புகை சோபாவுல ஏறுது. ...ம். போயிட்டா. இப்போ நாம பேசலாம் தம்பி. நான் சுத்தி வளைக்கிறவன் இல்லை. இந்த பீர் புளிக்குது. புளிக்குதா இல்லையா?

— புளிக்குதுங்கய்யா.

— அப்பாடா! ஒருத்தன் சொல்லிட்டான். ஏன் புளிக்குது?

— நான் பீர் பத்திப் படிச்சவன் இல்லைங்க.

— உன் நாக்கு படிச்சிருக்கு. என்னன்னு சொல்லுது?

— நாக்குக்குத் தெரியுங்க. எனக்குச் சொல்ல முடியாதுங்க.

— ஏன்?

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேங்க.

— யாருக்கு?

— அதையும் சொல்ல முடியாதுங்க.

— இந்த வீட்டுல இருக்கிறது மூணு பேரு. நீ, நான், அவ. எனக்கு நீ வாக்குக் கொடுக்கலை. மிச்சம் யாரு, ரப்பர் செடியா?

— ...ஆமாங்கய்யா. செடிக்குத்தாங்க.

— ஏன்டா, நாக்கை வச்சுப் பிழைக்கிறவனுக்குப் பொய் சொல்ல வருதா பாரு. காதெல்லாம் சிவந்து போச்சு. இங்கே பாரு ஜுன்மோ. எனக்கு ஒரே பொண்ணு. என்கிட்ட ஒளிச்சுப் பேசறவனுக்கு அவளைக் கொடுக்க மாட்டேன். சொல்லிட்டா இப்பவே சம்மதம். இல்லைன்னா, கோட்டைக் கழட்டாதது நல்லதாப் போச்சு.

— ஐயா...

— சொல்லு.

— ஐயா, பொண்ணு கேட்க என்னென்ன பேசணும்னு ஒரு வாரமா மனப்பாடம் பண்ணிட்டு வந்தேங்க. இப்போ ஒண்ணும் ஞாபகம் இல்லை. யேரிம் இல்லைன்னா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியலைங்க. ஆனா முதல் தடவையா ஒரு வீட்டுக்கு வந்து, ஒருத்தருக்குக் கொடுத்த வாக்கை அடை வேகறதுக்குள்ள இன்னொருத்தர்கிட்டப் போட்டு உடைச்சேன்னா, யேரிமே என்னை வேண்டாம்பா. நான் கிளம்பறேங்க. பேரிக்காயைத் தெற்குப் பக்கம் வைக்கச் சொல்லுங்க, பீர் பாட்டிலோட வைச்சா அதுலயும் வாசனை ஏறிடும்.

— உட்காரு.

— இல்லைங்கய்யா...

— உட்காருங்கறேன். மெதுவாப் பேசு. முள்ளங்கித் தண்ணி, ஒரு கரண்டி. சரியா?

— ஐயா! உங்களுக்கு எப்படி...

— வாளியைத் திறந்தேன், உள்ளே முள்ளங்கித் துண்டு ஒண்ணு மிதக்குது. மால்ட்டுலேருந்து முள்ளங்கி முளைக்குமா?

— அப்போ ஏங்க இத்தனை நாளும் வாளியைத் தேய்ச்சுக்கிட்டு...

— தேய்க்கலைன்னா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுடுமே! கேளு. பட்டறையில ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. நான் வீட்டுக்கு வந்தா அவ தூங்குவா. அவ எழுந்தா நான் தூங்குவேன். யேரிம் எப்படிப் பிறந்தான்னே ஆச்சரியம். ரிட்டயர் ஆனதும் இனிமே உட்கார்ந்து பேசலாம்னு ஆசைப்பட்டேன். உட்கார்ந்தோம். பேச ஒண்ணும் இல்லை. "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." அவ டிவி பக்கம், நான் ஜன்னல் பக்கம். முதல் வாளி பீர் வந்துது. நல்ல பீர். அவளுக்குத்தான் முதல் டம்ளர் கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சா, "ம்"னா, சீரியல் பார்க்க எழுந்து போயிட்டா.

— ஓ...

— அப்புறம் இந்த முள்ளங்கி பீர் வந்துது. கூட்டாளிங்க ஓடிட்டாங்க. நான் தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவ வந்து எதுத்தாப்புல உட்கார்ந்தா. கண்ணாடியை உடைச்ச பிள்ளை உட்காருமே, அந்த மாதிரி. ஒரு டம்ளர் பூரா குடிச்சா. "பரவாயில்லைங்க, உங்களுக்குக் கைப்பக்குவம் இருக்கு"ன்னா. அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு! கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னைப் பாராட்டி அவ சொன்ன முதல் வார்த்தை தம்பி அது. பொய்தான். இருந்தா என்ன?

— அதுக்கப்புறம் தினமும் உட்கார்றாங்களா?

— தினமும். டிவியே போடறதில்லை. ஒரு டம்ளர் குடிச்சு முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகும் பாரு, அதுவரைக்கும் பேச்சுதான். கீழ் வீட்டுக்காரன், அவ அக்கா மருமக, நான் கப்பல்லேருந்து விழுந்த கதை, அவ பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்ச கதை. அவ ஓடுவான்னே எனக்குத் தெரியாதுடா! நல்ல பீர் வந்தா ஒரே வாய், ஒரு "ம்", எழுந்து போயிடுவா. கூட்டாளிங்களை நான் கடையில பார்த்துக்கிறேன். இவளை எந்தக் கடையில போய்ப் பார்க்கிறது?

— மாமா...

— என்னது?

— மன்னிச்சுக்கோங்கய்யா, வாய் தவறி...

— இருக்கட்டும் மாப்பிள்ளை. இப்போ எனக்கும் சுண்டு விரலைக் கொடு. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக் கூடாது. இரு, போன் அடிக்குது. ஹலோ? யேரிமா? கீழேயா? எந்தக் காரு மறிச்சு நிக்குது? தொடாதே, நீ தொடாதே, நான் வந்து தள்ளி விடறேன். மாப்பிள்ளை, ரெண்டு நிமிஷம். டம்ளர் காலியா இருக்கணும்.

— அடை ரெடி! எங்கே அவரு?

— யேரிம் வந்துட்டாங்க. காரு தள்ள மாமா கீழே போயிருக்காருங்க.

— மாமாவா! அவரு உன்னை என்னன்னு கூப்பிட்டாரு?

— மாப்பிள்ளைன்னுங்க.

— என் ராசா! சாப்பிடு, சாப்பிடு, சூடா இருக்கும்போதே. அது சரி, கண்ணெல்லாம் ஏன் கலங்கியிருக்கு? வெங்காயத்தாள் நறுக்கினது நான்தானே?

— புகைங்கம்மா.

— கதவைச் சாத்திட்டுத்தான் ஊத்தினேன். முள்ளங்கி விஷயம் தெரியும்னு சொன்னாரா?

— அம்மா, நான் எதுவும் சொல்லலைங்க. அவரும் எதுவும் சொல்லலைங்க. யாரும் யாருக்கும் எதுவும்...

— காது சிவக்குது பிள்ளை. விடு, ரெண்டு பக்கமும் உன்னை வாக்குல கட்டிப் போட்டாச்சு, பாவம். நீ எதுவும் சொல்ல வேண்டாம், அடையைத் தின்னுக்கிட்டே கேளு. அவரு உன்கிட்டச் சொல்லாதது ஒண்ணு இருக்கு.

— என்னங்க?

— வெடிச்ச கையோட அவரு வாளி தேய்க்கிறதைப் பார்த்துட்டு எனக்கு மனசு கேட்கலை. கரண்டியைத் தொடறதையே விட்டுட்டேன். அடுத்த வாளி அருமையா வந்துது. குடிச்சுட்டு அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே, எழவு விழுந்த மாதிரி. "நல்லா இருக்கா? அப்போ நீ போய் சீரியல் பாரு"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. அடுத்த வாரம் விடிகாலையில தண்ணி குடிக்க எழுந்து வர்றேன் மாப்பிள்ளை, கிம்ச்சி பிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு, அந்த வெளிச்சத்துல குத்த வச்சு உட்கார்ந்திருக்காரு உன் மாமனாரு, கையில முள்ளங்கித் தண்ணி சொட்டற என் கரண்டியோட.